கொழும்புக்கு முந்திச் சிரித்தவர்கள்

எண்பத்திரண்டாம் ஆண்டில் பாலையூற்றில் ஒரேயொரு வீட்டுக் கூரையில்தான் இரும்புக் குழாய் முளைத்திருந்தது. அதன் உச்சியில் தின்று முடித்த பாரை மீனின் முள்ளைப் போல ஓர் அன்ரனா. வீடு, இரும்புக்கடை ஸெய்னுதீன் முதலாளியுடையது. சனிக்கிழமைகளில் அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து முதலாளி வந்து சேருமுன்பே அவர் வாசலில் முப்பது சோடிச் செருப்பு வந்து சேர்ந்துவிடும். பள்ளிவாசலுக்குப் போகிற செருப்பும், கோயிலுக்குப் போகிற செருப்பும், சேர்ச்சுக்குப் போகிற செருப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைத் திருகோணமலையில் வேறெங்கும் காண முடியாது.

அத்தனை பேரும் வருவது 'நிருபர்மார்' பார்க்க. அது ஓர் ஆங்கிலச் சிரிப்பு நாடகம். அதன் சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் ஞாபகமில்லை. கடலே இல்லாத ஏதோ ஒரு வெயில் நாட்டில் நாலு வெளிநாட்டு நிருபர்கள் ஒரு ஹோட்டலில் தங்கியிருப்பார்கள். அந்த நாட்டில் சண்டை நடக்கும், ராசா மாறுவார், வெள்ளம் வரும். நாலு பேரும் ஹோட்டலை விட்டு இறங்கவே மாட்டார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று குசினிக்காரனிடம் கேட்டுத் தங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுவார்கள். குசினிக்காரன் அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறானோ அதுதான் உலகச் செய்தி. நாலு பேரிலும் பெரிய ஆள் பிம்ளி. குண்டன். கையில் கிளாஸ் இல்லாமல் அவனை யாரும் கண்டதில்லை.

முன்வரிசைக் கதிரை கிறேஸ் டீச்சருக்கு. அவள்தான் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்பவள். ஆனால் நாடகத்தில் சிரிப்பு வருகிற இடத்தில் முதலில் கிறேஸ் தானே சிரித்துவிடுவாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லுவாள். அதற்குள் ரீவிக்குள்ளிருந்து ஒரு கூட்டம் கொல்லென்று சிரித்து முடித்துவிடும். இதுதான் ஸெய்னுதீனுக்குத் தாங்காத விஷயம். அந்தக் கூட்டம் கொழும்பில் ரீவி நிலையத்துக்குள் குந்தியிருந்து பார்க்கிற ஆட்கள் என்பது அவருடைய முடிவு.

"அது ரேப்பில பதிஞ்ச சிரிப்பு, முதலாளி" என்று கிறேஸ் ஒருநாள் விளக்கிப் பார்த்தாள்.

"சிரிப்பைப் பதிஞ்சு வைக்கிறதுக்கு, டீச்சர், அதிலயும் தட்டுப்பாடா? இது கொழும்பான். எங்களுக்கு முந்திச் சிரிச்சுக் காட்டுறான். துறைமுகம் எங்கட, சிரிப்பு மட்டும் அவன்ரயா? கெதியாச் சொல்லுங்க, ஒருநாளைக்கெண்டாலும் நாங்க முந்தோணும்!"

அன்றிலிருந்து அந்த ஹோலில் அது ஒரு பந்தயமாகிவிட்டது. பிம்ளி வாயைத் திறக்குமுன்பே சிலர் சிரித்துப் பழகினார்கள். ஸெய்னுதீனின் மச்சான் முத்தலிப் கூரையில் குழாயைப் பிடித்துத் திருப்புகிற பொறுப்பில் இருந்ததால் ஒரு வாரமும் படத்தைக் கண்டதில்லை. அவரும் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டால் மேலேயிருந்து தானும் சிரித்து ஒரு கை கொடுப்பார்.

கிறேஸின் பக்கத்துக் கதிரை அவளுடைய புருஷன் லெஸ்லிக்கு. அந்தக் கதிரை அவனுக்குக் கிடைத்தது டீச்சரின் புருஷன் என்பதற்காக மட்டுமல்ல. லெஸ்லி பகலில் துறைமுகத்தில் கப்பற் சாமான் எண்ணுகிற கிளாக்கர். மிச்ச நேரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் திருமலை நிருபர். உண்மையான நிருபர் ஒருவர் பக்கத்தில் குந்தியிருக்க நிருபர்மார் நாடகம் பார்ப்பது, சனத்துக்குக் கறியோடு ஊறுகாயும் கிடைத்தது போல. பிம்ளி ஒரு கூத்துப் பண்ணினால் பாதிப்பேர் ரீவியைப் பார்ப்பார்கள், பாதிப்பேர் லெஸ்லியைப் பார்ப்பார்கள்.

லெஸ்லி நிருபராகிப் பதினொரு வருஷம். அவனுக்கென்று ஒரு தொழில்முறை உண்டு. கொழும்புக்கு மெயில் ரெயில் இரவு ஏழரைக்குப் போய்விடும். கூட்டங்களும் விழாக்களும் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும் என்று அழைப்பிதழில் போட்டு ஐந்தரைக்குத் தொடங்கும். போய்ப் பார்த்து, கேட்டு, எழுதி முடிக்க மெயில் மாகோச் சந்தியைத் தாண்டிவிடும். ஆகவே அவன் அழைப்பிதழைப் பார்த்தே செய்தியை எழுதிவிடுவான். தலைவர் யார், மங்கல விளக்கு யார், நன்றியுரை யார், எல்லாம் அதில் இருக்கும். நடக்கப் போவதை நடந்ததாக மாற்றி, கடைசியில் 'பொதுமக்கள் பெருந்திரளாகக் கலந்து சிறப்பித்தனர்' என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. பொதுமக்கள் ஒருபோதும் மறுப்பு எழுதியதில்லை. கவரை ஐந்து மணிக்கே ஸ்டேசனில் கார்ட் குணரத்தினத்தின் கையில் கொடுத்துவிடுவான். குணரத்தினம் தபாற்பையில் போடாமல், தன் கறுப்புக் கோட்டின் உட்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் பத்திரிகை ஆளிடம் சேர்ப்பார். அதற்கு அவர் கேட்கிற கூலி ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் மெயிலோடு போவதால் 'நிருபர்மார்' அவருக்குக் கிடைப்பதில்லை. அடுத்த கவர் கொடுக்கும்போது லெஸ்லி போன கிழமைக் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை லெஸ்லி அனுப்பியிருந்தது கட்டைபறிச்சான் மகப்பேற்று நிலையத் திறப்புவிழா. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் நடப்பவற்றை எழுதுகிறவர் மூதூர் நிருபர் ஆதம்பாவாதான். அவர் கலியாண வீடொன்றுக்குக் கல்முனை போய்விட்டதால் இது லெஸ்லியின் தலையில் விழுந்தது. குடாவைக் கடக்கிற லோஞ்சுப் படகில் போயிருக்கலாம். போனால் மெயில் தவறிவிடும் என்று கிறேஸிடம் சொன்னான். பிம்ளி தவறிவிடும் என்பதைச் சொல்லவில்லை.

அன்றைக்குப் படம் நல்ல துலக்கம். முத்தலிப்பைக் கூரையிலிருந்து இறக்கலாமா என்று யோசிக்கிற அளவுக்குத் துலக்கம். நாடகம் தொடங்க இரண்டு நிமிஷம் இருக்கையில் ஸெய்னுதீனின் பெண்சாதி பரீதா, பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"லெஸ்லி அண்ணன், கட்டைபறிச்சான் ஆஸ்பத்திரி இண்டைக்குத் துறந்தாச்சுத்தானே? நீங்க எழுதிட்டீங்களா?"

"ஓம் ஓம், அனுப்பியாச்சு" என்றான் லெஸ்லி, ஒரு நிருபருக்குரிய களைப்போடு.

"அல்ஹம்துலில்லாஹ்! என்ர தங்கச்சி சுபைதாக்கு இது நிறைமாசம். அங்கால வயல்வாடிக் குடிசையில கிடக்கிறா. மூதூருக்குக் கொண்டு வந்து வைக்கச் சொன்னா அவட மாப்பிள்ளை கேக்கிறாரில்ல. 'கட்டைபறிச்சான் துறந்தாச்சு எண்டு ரெண்டுதரம் கதை வந்து ரெண்டுதரமும் பொய். இனிப் பேப்பரில வந்தாத்தான் நம்புவன். வந்தா அங்க, வராட்டி மூதூர்' எண்டு இருக்கிறார். இனி உங்கட பேப்பரைக் கண்டதும் வலி வந்தவுடன வண்டிலில ஏத்திடுவார். நேரே அங்கதான்."

ஹோலில் எல்லாரும் லெஸ்லியை மரியாதையோடு பார்த்தார்கள். அவனும் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்தான். நிமிர்ந்த முதுகு நாடகம் பாதி வரைக்கும் அப்படியே இருந்தது.

நாடகத்தில் அன்றைக்கு அந்த நாட்டு ராசாவுக்கு முடிசூட்டு ஊர்வலம். மற்ற மூன்று நிருபர்களும் வாசல்வரை போய் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பிம்ளி வாசல்வரைகூடப் போகவில்லை. நிகழ்ச்சி நிரலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கிளாசை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் எழுதத் தொடங்கினான்.

"என்ன எழுதுறான், டீச்சர்? கெதியா!"

"யானை பன்னிரண்டு வந்தது எண்டு எழுதுறான்..." கிறேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "சனம் ரோட்டெல்லாம் நிரம்பி வழிஞ்சது எண்டு..."

பிம்ளிக்குப் பின்னால் இருந்த யன்னலில் மழை கொட்டத் தொடங்கியது. ஊர்வலம் கலைந்து ஓடியது. ராசா கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார். பிம்ளி திரும்பியே பார்க்காமல் எழுதினான். 'வானம் தெளிவாயிருந்தது.'

அந்த வரியைக் கிறேஸ் மொழிபெயர்க்கவே தேவையிருக்கவில்லை. யன்னலும் கடுதாசியும் எல்லாருக்கும் விளங்கிவிட்டன. ஹோல் வெடித்தது. கதிரைகள் கிரீச்சிட்டன. கூரையில் முத்தலிப் காலால் தகரத்தைத் தட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான் ரீவிக்குள் சிரிப்புக் கேட்டது.

"முந்திட்டம்!" ஸெய்னுதீன் எழுந்து நின்று கத்தினார். "கொழும்பானை முந்திட்டம்! என்ன காணும் லெஸ்லி, சிரிக்கக் காணேல்ல? நீரும் இப்பிடித்தானோ?"

"சீச்சீ" என்றான் லெஸ்லி. சொன்ன சத்தம் அவன் எதிர்பார்த்ததை விட மெல்லியதாக வந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்புக் குவியலைத் தாண்டிக்கொண்டு றஊப் வந்தான். றஊப் லோஞ்சு ஓட்டுகிறவன். சாரம் முழங்கால் வரைக்கும் நனைந்து ஒட்டிக் கிடந்தது. முகத்தில் எஞ்சின் எண்ணெய்.

"தொடங்கி எவ்வளவு நேரம்? பிம்ளி என்ன செய்யிறான்? அட, ஒழுங்கா வந்திருப்பன், இந்த விழாவால வந்த வினை!"

"ஓமே, நீதானே விழாப் பெரியவரைக் கட்டைபறிச்சானுக்குக் கொண்டு போனது" என்றார் ஸெய்னுதீன். "விழா எப்பிடி?"

"விழாவா? நடுக்குடாவில எஞ்சின் நிண்டுட்டுது, நாநா. ரெண்டரை மணித்தியாலம் மிதந்தனாங்கள். பிரதம விருந்தினர் மாலைக்குள்ளயே சத்தி எடுத்திட்டார். விழாக் குழுச் செயலாளர் வெள்ளித் தட்டில ஆஸ்பத்திரிச் சாவியை வச்சுக்கொண்டு குந்தியிருந்தவர். ஒரு அலை. தட்டைப் பிடிக்க நாலு பேர் பாஞ்சாங்கள். சாவிக்கு ஒருத்தனும் கை நீட்டேல்ல. கடலுக்க போயிட்டுது. பிறகு மீன் வள்ளம் ஒண்டு கட்டி இழுத்துக் கொண்டுவந்து திருப்பி இஞ்சயே விட்டது. அங்க கதவில இந்தப் பெரிய பூட்டாம், வள்ளக்காரர் சொன்னது. நேர்சும் மூதூருக்குத் திரும்பிப் போறதெண்டு இருக்கிறாவாம். இனி எப்பவோ!"

ஹோல் இன்னொருமுறை சிரித்தது. தட்டுக்கு நாலு பேர், சாவிக்கு யாருமில்லை என்பதை றஊப் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. ரீவியிலும் சிரித்தார்கள். யாருக்கு யார் முந்தினார்கள் என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

லெஸ்லி மட்டும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். ஏழு மூன்று. அவன் எழுதியது அவனுக்கு வரிவரியாக ஞாபகம் வந்தது. 'கட்டைபறிச்சான் மகப்பேற்று நிலையம் சனிக்கிழமை பிற்பகல் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. நிலையம் உடனடியாகத் தாய்மாரின் சேவைக்கு விடப்பட்டது.' இரண்டாவது வரி அழைப்பிதழில்கூட இருக்கவில்லை. ஒரு அழகுக்காக அவனே போட்டது.

திங்கட்கிழமைப் பத்திரிகை. வயல்வாடி. வண்டில். பெரிய பூட்டு.

பேசாமல் எழுந்து போய்விடலாம் என்று முதலில் நினைத்தான். சைக்கிளில் ஸ்டேசனுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும், அவனுடைய மூச்சுக்கு முக்கால் மணித்தியாலம். ஸெய்னுதீனிடம் ஒரு பழைய மொறிஸ் கார் இருந்தது. ஆனால் சனிக்கிழமை ஏழு மணிக்கு ஸெய்னுதீனை ரீவிக்கு முன்னாலிருந்து கிளப்ப, வீடு தீப்பற்ற வேண்டும். அப்போதும் அன்ரனாப் பக்கம் பற்றினால்தான் எழுவார். காரணம் சொல்லாமல் நடக்காது.

கிறேஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருஷமாகப் பார்க்கிற முகம். மொழிபெயர்ப்பு நின்றது.

"டீச்சர்! என்ன சொல்றான்? டீச்சர்!"

"இஞ்சாருங்கோ" என்றாள் கிறேஸ் மெல்ல. "நீங்கள் போகாமலோ எழுதினனீங்கள்?"

அவள் மெல்லத்தான் சொன்னாள். ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்லிப் பழகிய மெல்ல அது.

லெஸ்லி எழுந்தான். அவன் எழுந்த இடம் ரீவிக்கு நேர்முன்னால்.

"தள்ளும் காணும், பிம்ளியை மறைக்கிறீர்!"

"பிம்ளியை மறைக்கேல்ல, நாநா. பிம்ளிதான் நிக்கிறன்" என்றான் லெஸ்லி. "விழா நடந்ததெண்டு அஞ்சு மணிக்கே எழுதிக் குடுத்திட்டன். கவர் மெயிலில இருக்கு. ஏழரைக்குப் போயிடும்."

பெண்கள் பக்கத்திலிருந்து பரீதா வந்தாள். அவள் லெஸ்லியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாயிருந்திருக்கும். ரீவிக்குப் பக்கத்தில் போய் அதன் குமிழைத் திருகினாள். படம் சுருங்கி, ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்தது.

"காரை எடுங்க" என்றாள் புருஷனிடம்.

"பரீதா, இன்னும் பத்து நிமிஷந்தானே..."

"சுபைதாட பிள்ளை பத்து நிமிஷம் பொறுக்குமா எண்டு கேட்டுக்கொண்டு வாங்க. காரை எடுங்க!"

கூரையிலிருந்து ஒரு குரல் கவலையோடு கேட்டது. "என்ன, படம் போயிட்டுதா? எந்தப் பக்கம் திருப்ப?"

கார் கிளம்பியபோது ஏழு பதினொன்று. முன்னால் ஸெய்னுதீனும் லெஸ்லியும், பின்னால் றஊப்பும். சாட்சி சொல்ல வேண்டுமென்று அவனாகவே ஏறியிருந்தான். இறங்குவதற்குள் பின்சீற்றில் ஒரு சின்னக் கொட்டியாரக் குடா தேங்கிவிட்டது. கண்டி ரோட்டில் மாடுகள் தங்களுக்கென்று ஒரு கூட்டம் வைத்திருந்தன. ஸெய்னுதீன் ஹோர்ன் அடித்தார். ஹோர்ன் வேலை செய்யவில்லை. ஆகவே தலையை வெளியே நீட்டி வாயாலேயே அடித்தார். மாடுகள் ஆச்சரியப்பட்டு விலகின.

"பதினொரு வருஷம், காணும்" என்றார் இடையில். "போன வருஷம் என்ர கடைத் திறப்புவிழாவுக்குச் சனம் பெருந்திரளா வந்ததெண்டு எழுதினீரே. வெட்டி வச்சிருக்கிறன். அதுவும் இப்பிடித்தானா?"

"வந்ததுதானே, நாநா?"

"ஒம்பது பேர் வந்தது!"

ஸ்டேசனுக்குள் ஓடும்போது ஏழு இருபத்திரண்டு. பிளாட்போமின் கடைசியில், கார்ட் பெட்டிக்கு முன்னால் குணரத்தினம் பச்சை லாம்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவசரத்துக்கும் அவருக்கும் ஒருநாளும் பழக்கமிருந்ததில்லை.

"குணரத்தினம் அண்ணை! அந்தக் கவர்... திருப்பித் தாங்கோ!"

"மூச்சு விடும் ஐசே. கவர் எங்க போகுது? கோட்டுக்குள்ளதான் கிடக்கு." அவர் மார்பைத் தட்டிக் காட்டினார். "அது சரி, நாடகம் முடிஞ்ச கையோட வாறீர் போல. முதல் இதைச் சொல்லும்: பிம்ளி இண்டைக்கு என்ன செய்தவன்? ஒருக்காலாவது சூட்டோட கேப்பம்."

"அண்ணை, நேரமில்லை..."

"எட்டு நிமிஷம் கிடக்கு. நான் கொடி காட்டாமல் ரெயில் போகாது. கதை இல்லையெண்டால் கவரும் இல்லை. சொல்லும்."

லெஸ்லி சொன்னான். ராசாவின் ஊர்வலம், நிகழ்ச்சி நிரல், பன்னிரண்டு யானை, யன்னலில் மழை. குணரத்தினம் லாம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிறகு?"

பிறகு என்ன நடந்ததென்று லெஸ்லிக்குத் தெரியாது. பிறகு நடந்ததெல்லாம் அவனுக்குத்தான் நடந்தது. அவன் நிறுத்தாமல் தொடர்ந்தான்.

"பிறகு... பிம்ளி எழுதினதைக் கொண்டுபோய் ரெயிலில குடுத்திட்டான். குடுத்திட்டு வந்து சந்தோஷமா இருந்தவன். அப்ப ஒருத்தன் நனைஞ்சு போய் ஓடி வந்து சொல்லுறான், விழா நடக்கேல்லையாம். பெரியவர் வந்த லோஞ்சு நடுக்கடலில..."

"நில்லும், நில்லும்." குணரத்தினத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "லோஞ்சோ? அந்த நாட்டில கடலே இல்லையெண்டு நீர்தானே ஐசே சொன்னனீர்?"

குணரத்தினம் அவனையும், அவனுக்குப் பின்னால் தண்ணீர் சொட்ட நின்ற றஊப்பையும், மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஸெய்னுதீனையும் வரிசையாகப் பார்த்தார்.

"அண்ணை" என்றான் லெஸ்லி, "அங்கால ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறா. பேப்பரில வந்தால் ஆஸ்பத்திரி திறந்திட்டுதெண்டு நம்பிப் போயிடுவா. பூட்டின கதவு. நான் போகாமல் எழுதிப் போட்டன்."

குணரத்தினம் கோட்டுக்குள் கைவிட்டுக் கவரை எடுத்தார். கொடுக்குமுன் ஒருதரம் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"பதினொரு வருஷமா இந்த நெஞ்சில வச்சுக் கொண்டு போனதில, இப்பிடி எத்தினை, தம்பி?"

"கேக்காதேங்கோ, அண்ணை."

"சரி, கேக்கேல்லை. ஆனா வெறுங்கையோட நான் கோட்டையில இறங்கேலாது. அங்க ஆள் வந்து நிக்கும். எழுதும், நாலு நிமிஷம் தாறன்."

அவர் தன் பேனையைக் கொடுத்தார். லெஸ்லி கார்ட் பெட்டியின் படியில் குந்தி, பழைய கவரின் முதுகிலேயே எழுதினான். பதினொரு வருஷத்தில் முதன்முறையாக ஓர் ஆளிடம் கேள்வி கேட்டு எழுதினான். எஞ்சின் எத்தனை மணிக்கு நின்றது? லோஞ்சில் எத்தனை பேர்? சாவி எந்த இடத்தில் விழுந்தது? றஊப் நனைந்த கையால் காற்றில் குடாவையே வரைந்து காட்டினான்.

"சத்தி எடுத்ததையும் போடுவமா?" என்று கேட்டான் றஊப்.

"வேண்டாம், பாவம். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்" என்றான் லெஸ்லி.

கடைசியில் இப்படி முடிந்தது: 'நிலையத்தின் சாவி கடலில் விழுந்துவிட்டது. நிலையம் திறக்கப்படவில்லை. திறக்கும்வரை தாய்மார் மூதூர் ஆஸ்பத்திரிக்கே செல்ல வேண்டும்.' வாசித்துப் பார்த்தான். அழகாக இருக்கவில்லை. குணரத்தினம் வாங்கி, அதே உட்பையில் அதே இடத்தில் வைத்தார். பிறகு விசிலை ஊதிப் பச்சை லாம்பைத் தூக்கினார். ஏழு முப்பத்திரண்டு. திருகோணமலை மெயில் வரலாற்றில் அந்த இரண்டு நிமிஷத்துக்குக் காரணம் எங்கும் பதியப்படவில்லை.

ரெயிலின் சிவப்பு வெளிச்சம் தூரத்தில் மறைந்ததும் ஸெய்னுதீன் பிளாட்போம் வாங்கில் தொப்பென்று குந்தினார். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"தட்டைப் பிடிக்க நாலு பேர்!" என்றார். "சாவிக்கு ஒருத்தனுமில்ல!"

மூன்று பேரும் காலியான பிளாட்போமில் சிரித்துக் கிடந்தார்கள்.

திங்கட்கிழமை செய்தி வந்தது, ஐந்தாம் பக்கத்தில், ஒரு பற்பசை விளம்பரத்துக்குக் கீழே. மூன்று நாளைக்குப் பிறகு மூதூரிலிருந்து முதல் லோஞ்சில் றஊப் வேறொரு செய்தி கொண்டு வந்தான். சுபைதாவுக்கு மூதூர் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை. பரீதா ஒரு கோப்பை இனிப்பு வட்டிலப்பத்தைக் கிறேஸின் கையில் கொடுத்து, "இது டீச்சருக்கு" என்றாள். லெஸ்லியைப் பார்த்து, "நீங்களும் கொஞ்சம் சாப்பிடலாம்" என்றாள்.

இரண்டு கிழமை கழித்து, மறுபடியும் சனிக்கிழமை நாலு மணிக்கு, கட்டைபறிச்சானில் மறுபடியும் திறப்புவிழா. ஆதம்பாவா கல்முனையிலிருந்து வந்துவிட்டார். அது அவருடைய பகுதி, அவரே எழுதுவார். அப்படியிருந்தும் லெஸ்லி லோஞ்சில் ஏறினான். முன்வரிசையில் குந்தினான். கொப்பியும் இரண்டு பேனையும் வைத்திருந்தான். பிரதம விருந்தினர் இந்தமுறை தரைவழியாக வந்து, தவறிய உரையையும் சேர்த்து இரண்டு மணித்தியாலம் பேசினார். லெஸ்லி எல்லாவற்றையும் எழுதினான். ஆதம்பாவாவைத் தேடினான். காணவில்லை.

கூட்டம் கலைகையில் ஒருவர் அவனிடம் வந்தார். கையில் எருமைத் தயிர்ச் சட்டி. கலீலுர் றஹ்மான் என்றும், சுபைதாவின் மாப்பிள்ளை என்றும் சொன்னார்.

"பேப்பரில வந்தபடியாத்தான் நான் மூதூருக்கு ஏத்தினன். ரா முழுக்கப் பாடு. இஞ்ச கொண்டு வந்திருந்தா, ஐயா..." அவர் சட்டியை நீட்டினார். "பிள்ளைக்கு ஸுல்பிகா எண்டு பேர் வச்சிருக்கம்."

லெஸ்லிக்குச் சட்டியை வாங்கக் கை கூசியது. "உண்மையைச் சொல்லோணும். அண்டைக்கு நான் இஞ்ச வரவே இல்லை. வராமல்தான் எழுதினது."

கலீலுர் றஹ்மான் அவனை வியப்போடு பார்த்தார். "வராமலே இவ்வளவு சரியா எழுதியிருக்கிறீங்களே!"

லெஸ்லி தயிரோடு திரும்பி வந்தபோது மெயிலும் போயிருந்தது, பிம்ளியும் போயிருந்தான். செய்தியை மறுநாள் மெயிலில்தான் கொடுக்க முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஸெய்னுதீன் வீட்டில் நாடகம் தொடங்க இன்னும் ஐந்து நிமிஷம். பரீதா திங்கட்கிழமைப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டைபறிச்சான் விழா முதற் பக்கத்திலேயே வந்திருந்தது. கோலாகலம், மங்கல விளக்கு, நன்றியுரை, பெருந்திரளான மக்கள், எல்லாம் இருந்தது. மேலே 'மூதூர் நிருபர்' என்று போட்டிருந்தது.

"இது ஆதம்பாவா எழுதினதெல்லோ? உங்கட எங்க, லெஸ்லி அண்ணன்?"

"என்ர பிந்திப் போட்டுது. அவர் வியாழக்கிழமையே தபாலில போட்டிட்டாராம்."

"விழா சனிக்கிழமைதானே?" என்றார் ஸெய்னுதீன். சொல்லிவிட்டு அவரே விளங்கிக்கொண்டு தொடையில் அடித்தார். "அட, அவனும்! ஆனா ஒரு பிழையும் இல்லையே காணும்? எல்லாம் சரியா இருக்கே?"

"எல்லாம் சரி, நாநா" என்றான் லெஸ்லி. "ஒண்டைத் தவிர."

"என்ன அது?"

"ரிபன் வெட்டினதும் எல்லாரும் கை தட்டினாங்கள். பெரியவர் காலெடுத்து வைக்க முந்தி, அவர்ர காலுக்குள்ளால ஒரு ஆடு பூந்து உள்ள போயிட்டுது. நேரே போய்ப் புதுக் கட்டிலில ஏறி நிண்டது. நேர்ஸ் இறக்கப் பாக்கிறா, இறங்குதில்லை. பெரியவர் ஆட்டைப் பாத்துக்கொண்டே குத்துவிளக்குக் கொளுத்தினார். அதைக் கண்டு எழுதினது நான் மட்டுந்தான்."

முதலில் பரீதா சிரித்தாள். பிறகு கிறேஸ். பிறகு முப்பது சோடிச் செருப்புக்காரரும். ஆடு எப்படி நின்றது, பெரியவர் எப்படிப் பார்த்தார் என்று லெஸ்லி எழுந்து நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. ரீவி இன்னும் போடப்படாமல் கறுப்பாகக் கிடந்தது. ஸெய்னுதீன் அதைச் சுட்டிக் காட்டினார், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

"இதுக்குக் கொழும்பான் சிரிக்க ஏலாது! அவனுக்கு இது கிடைக்கவே கிடைக்காது!"

கூரையில் தகரம் தடதடத்தது.

"தொடங்கிட்டுதா?" என்று கத்தினார் முத்தலிப். "நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது, மச்சான்!" என்று ஸெய்னுதீன் பதிலுக்குக் கத்தினார். "அப்பிடியே பிடி!"